மேனேஜருக்கு இடமாற்றம்

கதவைத் தள்ளியதும் அவன் முதலில் கவனித்தது, கண்ணாடிப் பெட்டியின் விளக்கு அணைந்திருந்ததை.

அணைத்தது அவன் அல்ல.

பெட்டிக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவர், இஸ்திரி கலையாத சட்டையில், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தார். பக்கத்தில் யுவராஜ். நாலு வருஷமாக இதே அறையில் பாதி வாடகைக்கு இருக்கும் யுவராஜ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேன்ட் போட்டிருந்தான்.

அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"வா மச்சான். சார்தான் ஷாலினியோட சித்தப்பா. பல் டாக்டர்."

ஷாலினியை யுவராஜுக்கு நிச்சயம் செய்து பத்து நாள் ஆகிறது.

டாக்டர் புன்னகைத்தார். பற்கள் நன்றாக இருந்தன.

உள்ளே மேனேஜர் சுருண்டு கிடந்தது.

மேனேஜர் என்று பெயர் வைத்தது அவன்தான். நாள் முழுக்கத் தூக்கம். பதினைந்து நாளைக்கு ஒரு எலி. ஒரு வேலையும் செய்யாது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். மலைப்பாம்பில் பந்துபோலச் சுருளும் சின்ன வகை, விஷம் கிடையாது. பெயரைக் கேட்ட வீட்டுக்காரம்மா, பால் குடிக்கிற பாம்பு என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிதோறும் ஒரு சொம்புப் பால் கீழேயிருந்து வந்தது. திருத்த இருவருக்குமே மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் காபி பிரமாதமாக இருக்கும்.

நம்மூர்ப் பாம்பை வீட்டில் வைப்பதே குற்றம். வெளிநாட்டுப் பாம்பென்றால் அரசாங்க இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினால் அதையும் பதிய வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு வந்து யுவராஜுக்குப் பாடம் எடுத்தவன் அவன்.

பதியும்போது, பாம்பு இருக்கிற இடத்துக்கு முகவரிச் சான்று வேண்டியிருந்தது. அவன் ஆதாரில் உடன்குடி. யுவராஜ் மட்டும் கேஸ் இணைப்புக்காக இந்த வீட்டு முகவரிக்கு மாற்றி வைத்திருந்தான்.

"உன் பேர்லயே போட்டுடுடா" என்றான் அவன்.

இரண்டு நிமிட வேலை.

அதற்குப் பிறகு எலி வாங்கியது அவன். உறைந்த எலியை வெந்நீரில் இளக்கியது அவன். புயலில் கரன்ட் போன மூன்று நாளும், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்தது அவன்.

யுவராஜ் இரண்டு முறை இன்ஸ்டாகிராமில் போட்டான்.

"கிளினிக் ரிசப்ஷன்ல வைக்கப் போறாராம்" என்றான் இப்போது. "பல்லு புடுங்க வர்ற பசங்க இதைப் பார்த்தா அழ மறந்துடுவாங்களாம். செம ஐடியால்ல?"

காலையிலிருந்து ராத்திரி வரை வெள்ளை விளக்கு. பல்லைத் துளைக்கும் மெஷின் சத்தம். கண்ணாடியைத் தட்டும் விரல்கள்.

அவன் யுவராஜ் பக்கம் திரும்பினான்.

"எனக்குக் குடுத்திருக்கலாமேடா."

"உன் அட்ரஸ் உடன்குடிலல்ல இருக்கு. உன் பேருக்கு மாத்த ஒத்துக்க மாட்டாங்க மச்சான்."

"போன மாசமே மாத்திட்டேன். கார்டு வந்தப்ப கையெழுத்துப் போட்டு வாங்குனதே நீதான்."

யுவராஜ் போனை எடுத்துப் பார்த்தான். போன் ஒன்றும் அடிக்கவில்லை.

"தொட்டுப் பார்க்கலாமா மாப்ள?" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தான். மூடியைத் தூக்கினான். உள்ளே கையை விட்டான். நாலு வருஷத்தில் மூன்றாவது தடவை.

மேனேஜரின் கண்ணில் நீலம் படர்ந்திருந்தது. தோல் உரிக்கும் வாரம்.

அவன் சும்மா இருந்திருக்கலாம்.

அரை நொடி சும்மாதான் இருந்தான்.

"கையை எடு. தோல் உரிக்கப் போகுது. இப்ப அதுக்குக் கண்ணு தெரியாது. தொடுறது யாருன்னே புரியாம கடிச்சு வெச்சுடும்."

யுவராஜ் கையை எடுத்துக்கொண்டான்.

பிறகு அவன் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டியின் ஒரு மூலை முப்பத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும். உரிக்கிற வாரம் எலி வைக்கக் கூடாது. ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த சட்டி ஒன்று கட்டாயம். யாரும் கண்ணாடியைத் தட்டக் கூடாது. தட்டக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னான்.

டாக்டர் போனில் பதிவு செய்துகொண்டார். "தம்பி ரொம்ப விவரமா இருக்காரே."

யுவராஜும் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருந்தான். பதிவை மாற்றும் விண்ணப்பம் போய்விட்டது. கையில் இருக்கட்டும் என்று டாக்டர் ஓர் ஒப்படைப்புக் கடிதமும் கேட்டாராம். டைப் அடித்து, இரண்டு பிரதி.

"சாட்சி ஒருத்தர் போடணுமாம். நீயே போட்டுடு மச்சான்."

அவன் கட்டிலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தான். இனத்தின் பெயர் சரி. பதிவு எண் சரி. வாங்குபவரின் முகவரி சரி. ஓர் இடத்தில்கூடச் சட்டம் மீறப்படவில்லை.

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

கடைசியில் சாட்சியின் பெயர். அவன் பெயர்தான், இனிஷியலோடு. அதற்குக் கீழே, ஒப்படைப்பவருக்கு என்ன உறவு என்ற இடத்தில், முன்கூட்டியே அடித்து வைத்திருந்தது: நண்பர்.

டாக்டர் பேனாவை நீட்டினார்.

"ஒயிட்னர் இருக்கா சார்?" என்று கேட்டான்.