மாமன் மடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு காரியத்தைச் சும்மா செய்து முடிக்கத் தெரியாது. நாலு பேர் பார்க்க வேண்டும். அதைப் படம் பிடிக்க வேண்டும். ஒரு குழந்தைக்குக் காது குத்த மூன்று கேமரா!

கோயிலுக்கு எட்ட நின்று வேடியப்பன் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மாரியம்மன் கோயில் வாசலில் பாய் விரித்திருந்தார்கள். பாயில் ஒரு வெள்ளைக்காரப் பெண், சேலை கட்டி. பக்கத்தில் அவள் புருஷன், வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. நடுவில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இரண்டு வயதுப் பெண் குழந்தை.

வருஷத்தில் பாதி நாள் பனி பெய்கிற தேசமாம். நாளைக்கு விமானம். போவதற்கு முன் பிறந்த மண்ணின் வழக்கம் ஒன்றாவது பிள்ளைக்கு நடக்கட்டும் என்று, தத்தெடுத்த கள்ளக்குறிச்சி குழந்தைகள் இல்லத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு மலையேறி வந்திருந்தார்கள்.

வேடியப்பனை வரச் சொன்னது இல்லத்து அம்மாள் தங்கமணி. கிழவர் இரண்டு மலை தாண்டி நடந்து வந்திருந்தார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே கோயில் படியில் குழந்தையைக் கண்டதாக போலீஸ் ஸ்டேஷனில் சொன்னவர் அவர்தான். சொந்தபந்தம் யாரும் இல்லை என்று கைநாட்டு வைத்தவரும் அவர்தான். மற்ற காகிதமெல்லாம் அந்தக் கைநாட்டின் மேல்தான் நின்றது.

"இனிமே யாராச்சும் சொந்தம்னு வந்து நின்னா எல்லாம் மொதல்லேருந்து பெரியவரே. கோர்ட்டு, கேசுன்னு புள்ள இல்லத்துலயே கெடந்து வளர்ந்துடும்" என்று வந்ததுமே தங்கமணி சொல்லியிருந்தாள்.

கொளஞ்சியப்பன் ஆசாரி தங்கக் கம்பியில் மஞ்சள் தடவினார். நிமிர்ந்தார்.

"தாய்மாமன் யாருங்க? வந்து உக்காருங்க."

யாரும் வரவில்லை.

வெள்ளைக்காரப் பெண் தங்கமணியிடம் ஏதோ சொன்னாள். மாமன் மடியைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. இருவரும் சேர்ந்து வேடியப்பனைப் பார்த்தார்கள்.

"நீங்க உக்காருங்க பெரியவரே. கண்டெடுத்தவரு நீங்கதான். அவங்க ஆசைப்படறாங்க."

"நான் உக்கார மாட்டன்."

"சும்மா பேருக்குத்தானே?"

"பேருக்கும் ஆவாது."

கார் டிரைவர் ஜான் பாஷா சிரித்தான். "இன்னா பெருசு, மடி தேஞ்சிடுமா? பச்சப்புள்ளதானே, நெல்லு மூட்டையா?"

"ஒன் வேல வண்டி ஓட்றது. அத்த பாரு."

வெள்ளைக்காரப் பெண் எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். கற்றுக்கொண்ட ஒரே தமிழில் "வாங்க, வாங்க" என்று சொல்லி, குழந்தையை அவர் மார்புக்கு நேரே நீட்டினாள்.

குழந்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்தது.

வேடியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கல்லு மனுசன்" என்று பூக்கூடை வைத்திருந்த ஒருத்தி உரக்கவே சொன்னாள்.

தங்கமணியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஒரு அடி கிட்டே வந்தாள்.

"ஏன் பெரியவரே? எங்ககிட்ட சொல்லாதது எதாச்சும் இருக்குதா?"

கேமராக்கள் இறங்கின. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், நாளைய விமானம் நின்றுவிடும்.

ஆசாரி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்:

"வயசானவர எதுக்கும்மா படுத்தறீங்க? மடி ஆடிச்சின்னா கம்பி எசகுபிசகா எறங்கிடும். டிரைவர் தம்பி, நீ வா."

"நானா?" ஜான் பாஷா திடுக்கிட்டான்.

"ஏன், எங்க பசங்க உங்காளுங்கள மாமான்னுதானே கூப்பிடுதுங்க? போய் கை கால் கழுவிக்கினு வா."

கூட்டம் சிரித்தது. தங்கமணியும் சிரித்துவிட்டாள். வெள்ளைக்காரப் பெண் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள். துண்டைக் குழந்தையின் விரல்களிலிருந்து அவளே விடுவித்தாள். ஜான் பாஷா வெட்கத்தோடு குழாயடிக்குப் போனான்.

அந்த இடைவெளியில் ஆசாரி, கம்பியை வெளிச்சத்தில் பார்ப்பவர்போல வேடியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"நாப்பது வருசமா காது குத்தறன். சம்பந்தமில்லாத ஆளுன்னா பல்ல இளிச்சுக்கினு உக்காந்துடுவான். தாய்வழின்னா ஓடியாந்து உக்காருவான். அப்பன்வழிக்காரன்தான் உசுரே போனாலும் உக்கார மாட்டான். உக்காந்தா மருமவ தங்கச்சி ஆயிடுவாளே."

வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மவன் புள்ளையா?"

மகனும் மருமகளும் மண்ணுக்குப் போன வீட்டில், பாலுக்கு ஓர் ஆடுகூட இல்லாமல், ஆறு மாதக் குழந்தையை ஏழு நாள் வைத்திருந்து பார்த்தவர் அவர்.

"கூப்பிடறாங்க பாரு. போய் குத்து" என்றார்.

ஆசாரி போனார். ஜான் பாஷா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்தி, தன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

வேடியப்பன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது. அதற்கு மேலே இன்னொரு அழுகை. அந்த வெள்ளைக்காரப் பெண்தான், விக்கி விக்கி அழுதாள்.

"அழறதுக்கு இன்னா, யாரு வேணா அழலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் மேட்டில் ஏறினார்.