முதலிடத்துப் பக்கம்

நானூற்றுப் பன்னிரண்டு.

நேற்று நானூற்றெட்டு. அதற்கு முந்தைய நாள் நானூற்றுப் பதினைந்து. எட்டு மாதமாக அவளுடைய வலைப்பூவுக்கு நாளொன்றுக்கு வருகிறவர்கள் இவ்வளவுதான். வரைபடத்தில் கோடு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று படுத்துக் கிடந்தது.

நாய் வளர்ப்பைப் பற்றி ஆறு வருடமாக எழுதுகிறாள். தலைப்புகளை மாற்றிப் பார்த்தாள். படங்களைச் சுருக்கிப் பார்த்தாள். பழைய கட்டுரைகளைத் தூசி தட்டிப் புதுத் தேதி போட்டாள். 'நாய்க்கு வீட்டுச் சாப்பாடு' என்று தேடினால் இன்னும் ஐந்தாவது இடம்தான்.

முதலிடத்தில் வேறு எவனுடைய தளமோ. அப்படி என்னதான் எழுதிக் கிழித்திருக்கிறான் என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தாள்.

'எங்கள் வீட்டு மிளகுக்குத் தயிர்சாதம் என்றால் உயிர்.'

மிளகு அவளுடைய நாய்.

ஈயடிச்சான் காப்பி. ஒரு கமா மாறவில்லை. அவள் சமையலறையில், அவள் கையால் பிசைந்த சோறு, எவனோ ஒருவனுடைய பெயருக்குக் கீழே. நோகாமல் நொங்கு தின்றிருக்கிறான். அவளுக்கு நானூறு பேர், அவனுக்கு ஆயிரக்கணக்கில்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள். கோயம்புத்தூரில், இணையதளங்களைத் தேடலில் மேலே ஏற்றிவிடுகிற கம்பெனியில் தங்கைக்கு வேலை.

"சும்மா கத்தாதீங்க்கா. எதெது உங்களுதுன்னு வரி வரியா எடுத்து வெச்சுத் தேடல் கம்பெனிக்குப் புகார் குடுங்க. மூணு வாரத்துல அந்தப் பக்கத்தையே தூக்கிருவாங்க. அப்பறம் மொத எடம் நம்முளுதுதான்."

புகார்ப் படிவத்தைத் திறந்தாள். இடது பக்கம் அவள் வரி. வலது பக்கம் அவன் வரி. ஒவ்வொன்றாக ஒட்டினாள். இருபது, முப்பது. ஒட்ட ஒட்டக் கோபம் இனித்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தக் கோடு மேலே ஏறப்போகிறது.

பழங்களுக்கு வந்தாள்.

அவள் பக்கத்தில்: விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி.

அவன் பக்கத்தில்: விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி, திராட்சை.

கை நின்றுவிட்டது.

திராட்சையும் அவள் எழுதியதுதான். நாலு வருடத்துக்கு முன்னால், தெரியாமல். திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகம் போய்விடும் என்று ஒரு கால்நடை மருத்துவர் அவளுக்கு எழுதியிருந்தார். அன்றைக்கே அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டாள். சத்தமில்லாமல் எடுத்தாள். 'திருத்தம்' என்று மேலே ஒரு வரி போட்டால் படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை போய்விடுமே என்று போடவில்லை.

அவன் அதற்கு முன்பே திருடியிருக்கிறான்.

அவன் பக்கத்தின் அடியில் பின்னூட்டங்கள். கடைசியில் இருந்தது இன்று காலை வந்தது.

'எங்கள் சீனு பழமே தொடமாட்டான். திராட்சையை மட்டும் விரும்பிச் சாப்பிடுகிறான். இரண்டு நாளாக ஒரு கைப்பிடி வைக்கிறேன். பயனுள்ள பதிவு. நன்றி. பத்மாசனி, கும்பகோணம்.'

அவசரமாகக் கீழே எழுதினாள். அம்மா, திராட்சை கொடுக்காதீர்கள். நிறுத்துங்கள். இப்போதே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

'உங்கள் கருத்து ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது.

எவனுடைய ஒப்புதலுக்கு!

மூன்று வாரம் என்றாள் தங்கை. மூன்று வாரமும் தினம் ஒரு கைப்பிடி. அதுவும் ஒரு வீட்டில் இல்லை.

'தொடர்புக்கு' என்பதை அழுத்தினாள். 'திருட்டு நாயே' என்று ஆரம்பித்தாள். நாயை எதற்குக் கேவலப்படுத்த வேண்டும் என்று அழித்தாள். 'திருட்டுப் பயலே' என்று எழுதினாள். திட்டினால் இவன் பதில்கூடப் போடமாட்டான் என்று அதையும் அழித்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

'ஐயா, வணக்கம். உங்கள் பக்கத்தில் திராட்சை என்று இருக்கிறது. அது என்னுடைய தவறு. தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள். திராட்சை நாய்க்கு விஷம் என்று முதல் வரியிலேயே சிவப்பில் போடுங்கள். என் பின்னூட்டத்தை அனுமதியுங்கள். நான் புகார் எதுவும் கொடுக்கமாட்டேன். பக்கம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.'

கடைசி இரண்டு வரிகளையும் அழிக்கப் போனாள். ஆனாலும் அழிக்கவில்லை. அனுப்பினாள்.

பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'நன்றி மேடம். திருத்திவிட்டோம். வேறு பிழைகள் இருந்தாலும் தெரிவிக்கவும்.'

போய்ப் பார்த்தாள். திராட்சை இல்லை. மேலே, சிவப்பில், எச்சரிக்கை. நாலு வருடத்துக்கு முன் அவள் போட்டிருக்க வேண்டிய வரி. பத்மாசனிக்குக் கீழே அவளுடைய பின்னூட்டம். தலைப்பை ஒட்டி, 'இன்று புதுப்பிக்கப்பட்டது'. இனி இவனை முதலிடத்திலிருந்து யார் அசைப்பது.

"நாசமாப் போ" என்றாள் வாய்விட்டு.

புகார்ப் படிவத்தை மூடினாள்.

அவன் தளத்தின் முகப்புக்குப் போனாள். நாய்களைப் பற்றி முப்பத்தொரு கட்டுரைகள். குட்டிக்குப் பால், குடற்புழு மருந்து, உண்ணிக்கு வேப்பெண்ணெய். எல்லாம் அவள் எழுதியவை. எதை எந்த வருடம் எடுத்தானோ, எதில் அவளுடைய பழைய தவறு அப்படியே கிடக்கிறதோ.

முதல் கட்டுரையைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.