பத்தாவது ஆள்

“அமுக்கு லாஸ்மா! அது என்ன வெடிகுண்டா?” என்று சிரித்தார் தோகார். மேடான் நகரில் அந்த இன்டர்நெட் கடை அவருடையது.

“யாருமே படிக்கலேன்னா மானம் போயிடும்ணே.”

அம்மாவின் கடையில் துரியான் பழத்தை மோந்து பார்த்து, பிடிக்காத மாதிரி நடித்து விலை பேசுகிறவர்களின் முகங்களைப் பற்றி எழுதிவிட்டு, தன் வலைப்பூவில் வெளியிடப் பயந்துகொண்டிருந்தாள் லாஸ்மா. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

பார்வையாளர் எண்ணிக்கை மூன்று, ஆறு, ஒன்பது என்று ஏறியது.

“படிக்கிறாங்கண்ணே!”

துள்ளி எழுந்தவள் தடுப்புப் பலகைகளுக்கு மேலாகப் பார்த்துவிட்டாள். கேம் ஆட வந்த ஒன்பது பையன்களின் திரைகளிலும் அவளுடைய வலைப்பூ!

“இது உங்க வேலைதானா?” தோகாரைப் பார்த்தாள்.

தோகார் தலையைச் சொறிந்தார். “படிச்சா அரைமணி ஓசின்னு சொன்னேம்மா. உனக்கு ஒரு தெம்பு வரட்டுமேன்னு...”

வலைப்பூவையே மூடிவிடலாம் என்று திரையின் பக்கம் திரும்பினாள். எண்ணிக்கை பத்து.

“நீங்களும் படிச்சீங்களாக்கும்?”

“நான் இன்னும் தொறக்கவே இல்லையே!”

கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது: ‘கடல் தாண்டி இங்கே எங்கள் மக்காசார் மீன் சந்தையிலும் இதே முகங்கள்தான்! அடுத்தது எப்போது?’

“தள்ளுங்கண்ணே,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் லாஸ்மா. “ஆள் காத்திருக்காங்க.”