சொந்தப் புகை

"ஃபெயில் மேடம்" என்றான் புகைப் பரிசோதனை வேனில் இருந்தவன். "அதுக்கென்ன, பின்னால நிக்கிற புது வண்டியில குழாயச் சொருகி உங்க நம்பருக்கு சர்டிபிகேட் அடிச்சிடலாம். சார் வருஷா வருஷம் அப்படித்தான் வாங்கிட்டுப் போவாரு."

அந்த சாரை, தன் கணவரைப் பிரிந்து வந்தபோது பூங்கோதை கேட்டு வாங்கிக்கொண்டது இந்தப் பழைய டீசல் காரை மட்டும்தான். போகிற இடங்களில் யார் அவளிடம் எதைக் கேட்டாலும் அவர்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அவள் தலையாட்டுவாள்.

"வேணாம் தம்பி. என் வண்டிக்கு அதோட புகையே போதும். நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் இதே புகையத்தான மேடம் விடும்?"

அன்று மாலை மெக்கானிக் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார். புழுதி அப்பிக் கிடந்த ஏர் ஃபில்டரை அவளே கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினாள். மறுநாள் இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை பைபாஸில் ஓட்டி, அதே வேனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவன் குனிந்து குழாயைச் சொருகினான். "ஆக்சிலேட்டர மிதிங்க மேடம்."

மிதித்தாள். வண்டி உறுமியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு உரக்க அது பேசி அவள் கேட்டதேயில்லை.

"போதும் மேடம், போதும்!" என்று அவன் கையை ஆட்டினான்.

அவள் காலை எடுக்கவில்லை.