வெள்ளைக்கார நாக்கு

"பைட் த புல்லட்னா என்ன மேடம்? புல்லட் வண்டியைக் கடிக்கறதா?"

பயிற்சியாளர் கேட்டதும் பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி தங்கள் தலையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்றாள். பல மாதங்களாக வேலையில்லாதவள். இன்று தேறாவிட்டால் போனில் பேசும் இந்த வேலையும் இல்லை.

"கஷ்டத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கறது, சார்."

"அர்த்தம் அகராதியிலயே கிடக்கு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா? போனை எடுக்கறவங்க எல்லாம் இங்கிலீஷைக் கரைச்சுக் குடிச்ச பெரிசுங்க. நீங்க பாடம் ஒப்பிச்சா அடுத்த நிமிஷம் வெச்சிடுவாங்க. பூனையும் நாயுமா மழை கொட்டுதுன்னு அவங்க சொன்னா, கூடவே சிரிக்கணும். வாளியை உதைச்சான்னு சொன்னா, செத்துட்டான்னு புரியணும். உங்க நாக்குக்கு ஹலோவே அதிகம்!"

ஹெட்போனை அவள் முன்னால் தள்ளினார்.

"பேசுங்க. நிஜ ஆளு. இதுதான் பரீட்சை."

முதலில் தடுமாறினாள். பிறகு பேச்சு வந்துவிட்டது. எதிர்முனையில் இருந்தவர் போனை வைக்கவில்லை. 'பைட் த புல்லட், சார்' என்று அவள் குழைந்து சொன்ன பிறகுதான் வம்பு வந்தது. மைக்கைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"சார், அது எப்படி வந்துச்சுன்னு தெரியுமான்னு என்னையே கேக்கறாரு!"

"வேலை வெட்டி இல்லாத கிழம்! சொல்லுங்க. அந்தக் காலத்துல போர்க்களத்துல மயக்க மருந்து கிடையாது. காலை அறுக்கும்போது கத்தாம இருக்க, சிப்பாய் வாயில தோட்டாவை வெப்பாங்களாம். அதைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பானாம்."

அவள் அப்படியே இங்கிலீஷில் எடுத்துவிட்டாள். சற்று நேரத்தில் ஹெட்போனைக் கழற்றியபோது முகமெல்லாம் பல்.

"சார்! கார்டு நம்பர், ஓடிபி ரெண்டையும் அவரே படிச்சுக் காட்டிட்டாரு. கணக்கைச் சுத்தமாத் துடைச்சாச்சு!"

"சரி, பாஸாயிட்டீங்க. ஆனாலும் உங்க உச்சரிப்பு கழுதை கத்தற மாதிரிதான் இருக்கு."

அவருடைய செல்போன் அடித்தது. அப்பா.

"என்னப்பா, வேலை நேரத்துல?"

"டேய், இப்பத்தான் பேங்க்லேருந்து ஒரு பொண்ணு பேசினா. என் கார்டுல ஏதோ கோளாறாம், சரி பண்ணிட்டா. அடடா, என்ன இங்கிலீஷ்! புல்லட் கதையைப் புட்டுப் புட்டு வைக்கறா. உனக்கும்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுத்தேன், என்ன பிரயோஜனம்? போடா, அவகிட்டப் போய்க் கத்துக்கோ!"