மேசையின் இடது ஓரம்

நியூஜெர்சி வந்த ஆறு மாதமாக அனிட்டாவுக்கு ஒரே கவலை. கணவன் கிளமென்ட் புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர் யாருடையதையும் போல இல்லை. கறுப்புத் திரையில் கட்டைவிரல் பருமனுக்குப் பச்சை எழுத்து. மானிட்டரை வலப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மேசையின் இடது ஓரத்தில் ஒண்டி உட்காருவான்.

"கண்ணு போனா வேலையும் போயிடும், விசாவும் போயிடும். கிளம்புங்க" என்று டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

"அப்புறம் ஏங்க அவ்ளோ பெரிய எழுத்து?" வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

கிளமென்ட் கூச்சத்தோடு சிரித்தான். "மன்னார்குடி கம்ப்யூட்டர் சென்டர்ல நாலு பேருக்கு ஒரு மெஷின். நான் டைப் அடிப்பேன். பக்கத்துல ரெண்டு பேரு, பின்னால நின்னுக்கிட்டு இருதயசாமி. 'டேய், எழுத்தைப் பெருசாக்கு, மறைக்காம தள்ளி உக்காரு'ன்னு கத்துவான். அப்படியே பழகிப்போச்சு."

"இங்கதான் யாரும் இல்லையே?"

"இல்லதான். ஆனா எழுத்தைச் சின்னதாக்கினா, யாரும் இல்லங்கறது நல்லாத் தெரிஞ்சுபோகுது."

அனிட்டா சமையலறை நாற்காலியை இழுத்துவந்து அவனுக்கு வலப்புறம் போட்டு உட்கார்ந்தாள்.

"மறைக்குது. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."