மஸ்கி வந்து பார்த்தது

மீனின் விதி மனிதனின் மணிக்கட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று படகில் ஏறும்போதே அருமைநாயகம் அறிவித்தார். மட்டக்களப்பு வாவியில் முப்பது வருடம் தூண்டில் போட்டவர். கனடாவுக்கு விருந்தாளியாக வந்து, இந்த ஏரிக்கு மீன் பிடிக்க வந்திருந்தார். நாள் முழுக்க வீசி வீசி, பின்னேரத்துக்குள் அந்த மணிக்கட்டில் தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று.

“மஸ்கி எண்டா இந்த ஏரியின்ர பெரிய மீன், லேசில வராது அத்தான். நான் ஆறு வருஷமா வாறன், ஒண்டையும் காணேல்லை,” என்றான் மைத்துனன் யோகன்.

“நாளைக்கு எனக்குப் பிளேன். அது உன்ர மீனுக்குத் தெரியுமோ?” என்றபடி அவர், யோகன் தந்த தூண்டிலில் கடைசி வீச்சை இழுத்தார்.

தூண்டிலின் பொய்மீனுக்குப் பின்னால் நாலடி நீளத்தில் ஒரு நிழல் எழுந்து வந்தது.

“தூக்காதேங்கோ! தண்ணிக்குள்ளயே எட்டுப் போடுங்கோ! அப்பதான் கடிக்கும்!” என்று யோகன் கத்தினான்.

அவர் தூண்டில் நுனியால் எட்டு வரைந்தார். மஸ்கியும் கூடவே ஒரு எட்டு வரைந்தது. பிறகு அசையாமல் நின்று அவரை நிமிர்ந்து பார்த்தது. ஆறு வருடம் யோகனுக்கு வராதது தன்னைப் பார்க்க வந்திருக்கிறதே என்று அவர் உருகிப்போனார்.

“வந்தியே அப்பனே, அது போதும்,” என்று கும்பிட்டார்.

மஸ்கி மெல்லத் திரும்பி ஆழத்துக்குள் இறங்கியது.

கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். யோகனின் புதுத் தூண்டில் ஏரிக்கு அடியில் கிடக்கிறது.